காலுக்கும் ஒரு டிக்கெட்

கூச்சப்படாதீங்க தம்பி, நல்லாவே பாருங்க. புது பஸ் ஸ்டாண்டுல ஏறுனதுல இருந்து நீங்க ஜன்னலப் பாக்கீய, பெறவு என் காலப் பாக்கீய, திரும்பவும் ஜன்னலப் பாக்கீய. ஒத்தக் கால்ல மட்டும் முழங்கால் வரைக்கும் காலுறையப் போட்டு, அந்தக் காலத் தூக்கி நடு சீட்டுல வச்சிக்கிட்டு ஒரு மனுசன் வாரானேன்னு தானே? மூணு பேரு சீட்டு. நீங்க ஜன்னலோரம், நான் இந்த ஓரம், நடுவுல என் காலு. ஓசியில வைக்கல தம்பி, அதுக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன். கண்டக்டர் கேட்டான்லா, "அண்ணாச்சி, ரெண்டு டிக்கெட்டுங்கீய, இன்னொரு ஆளு எங்க?"ன்னு. காலுன்னேன். "லக்கேஜாப் போடவா, ஆளாப் போடவா?"ங்கான். குசும்பு பிடிச்ச பய. ஆளாவே போடுன்னுட்டேன். மூணு மாசமா எங்க வீட்டுல என்னைய விட அதுக்குத்தான் மரியாதை.

யாரும்மா அது, உன் பை என் முதுகுல இடிக்கு. கொஞ்சம் தள்ளி நில்லு தாயி. நீ என் மேல சாஞ்சா நான் கால் மேல சாய்வேன், அதுல புண்ணு இருக்கு. ஆங், அப்படியே நில்லு.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? காலு. நீங்க அம்பைக்கா? நான் வீரவநல்லூர்ல இறங்கணும். அது வரைக்கும் சொல்லிருவேன்.

என் பேரு சொரிமுத்து. ஜங்சன்ல ஒரு பெரிய ஜவுளிக் கடை, நாலு மாடி. கடை பேரு வேண்டாம், சோறு போடுத இடம். அதுல சேலை மாடிக்கு நான் சூப்பர்வைசர். இருவத்தேழு வருசம். இந்த இருவத்தேழு வருசத்துல நான் கடைத் தளத்துல உக்காந்தது ஒரு நாள் கிடையாது தம்பி. சேர்ந்த புதுசுல முதலாளி சொன்னாவ, "சொரிமுத்து, கஸ்டமர் உக்காரலாம், கல்லாவுல நான் உக்காரலாம், வேற யாரு உக்காந்தாலும் வியாபாரம் படுத்துக்கிடும்"னு. அத வேதமா எடுத்துக்கிட்டேன். வீட்டுல இருக்கப்ப முதலாளி போன் பண்ணுனாக் கூட எந்திரிச்சு நின்னுதான் பேசுவேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தா எச்சிக் கையோட எந்திரிச்சிருவேன். என் வீட்டுக்காரி உலகம்மா சிரிப்பா. "நீங்க நிக்கது போன்ல அவருக்குத் தெரியவா போவுது?"ம்பா. "குரல்ல தெரியும்ட்டி"ம்பேன். நெசமாவே தெரியும்னு நினைச்சேன். கூறுகெட்டவன்.

பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னாலயே இந்த எடது கால்ல பச்சை பச்சையா நெளிஞ்சு நெளிஞ்சு வர ஆரம்பிச்சிட்டு. உலகம்மாதான் மொதல்ல பாத்தா. "என்னங்க இது, பந்தல்ல பொடலங்கொடி ஏறுத மாதிரி ஏறுது, டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னா. நான் என்ன சொன்னேங்கீய? "பயில்வானுக்குக் கையில நரம்பு புடைக்கல்லியா? எனக்குக் கால்ல புடைக்கு. உழைச்ச காலுட்டி இது"ன்னேன். சொல்லிட்டு வேட்டிய இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கிட்டு வாசல்ல போயி நின்னேன், தெருவுல போறவன் பாக்கட்டும்னு. நோயக் கூட்டிட்டு வந்து நடு வீட்டுல உக்கார வச்சு விருந்து போட்டவன் இந்த ஊருலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

பெறவு கடுப்பு வந்திச்சு. சாயந்தரம் ஆச்சுன்னா காலு ஈயக்குண்டு மாதிரி கனக்கும். ராத்திரி கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும். எண்ணெ போட்டு உருவுனேன். ஒருத்தர் பத்துப் போடச் சொன்னாரு, போட்டேன். இன்னொருத்தர் அட்டை விடச் சொன்னாரு, அதுக்கு மட்டும் பயம். கடைசியில எனக்கே ஒரு யோசனை. நமக்குத் துணியப் பத்தித் தெரியாதது உண்டா? பட்டுச் சேலையில வெட்டி மிஞ்சுன கரைத் துண்டு ஒண்ணு, நல்ல அழுத்தமான நெசவு. அத எடுத்து முழங்காலுக்குக் கீழ இறுக்கிக் கட்டிக்கிட்டு, மேல பேண்டப் போட்டுக்கிட்டுக் கடைக்குப் போவேன். எப்படி? ஊரு உலகத்துல எவனுக்காவது சரிகை வச்ச கட்டு உண்டா? எனக்கு இருந்திச்சு. அதுக்குக் கீழ காலு வீங்கி செருப்பு பத்தாமப் போச்சு. பின்னால டாக்டரம்மா கேட்டுட்டுத் தலையில அடிச்சிக்கிட்டாங்க. "ரத்தம் மேல ஏற வழியில்லாமத் தவிக்குது, நீங்க அதுக்கு மேல அணையக் கட்டியிருக்கீங்க"ன்னாங்க.

அது பெறவு. அதுக்கு முன்னால பிரம்மசக்தியப் பத்திச் சொல்லணும்.

எங்க மாடியில நாப்பது பொம்பளப் புள்ளைக. எல்லாம் என் பிள்ளைக மாதிரி. நான் சத்தியமாச் சொல்லுதேன், ஒருத்தியையும் வாடி போடின்னு பேசுனது கிடையாது. புதுசா ஒருத்தி சேர்ந்தா மொத நாளே சொல்லிருவேன். "தாயி, மொத வாரம் காலு கடுக்கும். ரெண்டாவது வாரம் மரத்துப் போவும். மூணாவது வாரம் பழகிரும்." இதான் நான் குடுக்க டிரெய்னிங்கு. காலையில ஒம்பதரைக்கு நின்னா ராத்திரி ஒம்பதரை வரைக்கும். கேமராவுல பாப்பேன், சில பிள்ளைக கவுண்டருக்குப் பின்னால ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு, ஒரு பாதத்தால இன்னொரு கெண்டைக்காலத் தேச்சிக்கிட்டு இருக்கும். உடனே மைக்குல, "அஞ்சாம் நம்பர் கவுண்டர், கொக்கு மாதிரி நிக்காத"ம்பேன். கஸ்டமரெல்லாம் சிரிப்பாவ. நானும் தமாசுக்குத்தான் சொல்லுவேன்.

பெறவு அரசாங்கம் சட்டம் போட்டுச்சு, கடையில வேலை பாக்கவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு. முதலாளி என்னையக் கூப்பிட்டு ஸ்டூல் வாங்கச் சொன்னாவ. நானே போயி, நானே உக்காந்து பாத்து, மெத்தை வச்ச ஸ்டூலா முப்பத்திரண்டு எடுத்துட்டு வந்தேன். நல்ல ஸ்டூலு. மேல போட்டிருந்த பிளாஸ்டிக் கவரக் கூட நான் கிழிக்க விடல, அழுக்காயிரப்பிடாதுல்லா. ஆபீசருமாரு பாக்க வாற அன்னைக்கு ஒவ்வொரு கவுண்டருக்கும் ஒண்ணு போடுவோம். போன உடனே எடுத்து மேல சேலைப் பெட்டிய அடுக்கிருவோம். ஸ்டூலு பெட்டி வைக்க வசதியாத்தான் இருந்திச்சு.

ஏன் சிரிக்கீய? சிரிங்க. நானே சிரிக்கேன்.

பிரம்மசக்தி வீரவநல்லூரு. ஒம்பது வருசம் எங்கிட்ட வேலை பாத்தா. அவ விரிச்ச சேலைய வாங்காமப் போன கஸ்டமரு கிடையாது. போன சித்திரையில ஒரு ஞாயித்துக்கிழமை, நல்ல கூட்டம். கேமராவுல பாக்கேன், பிரம்மசக்தி சேலைப் பண்டல் மேல உக்காந்திருக்கா. தம்பி, ஜவுளிக் கடையில சரக்கு மேல உக்காரது எப்பேர்ப்பட்ட பாவம் தெரியுமா? துணிங்கது லெச்சுமி. காலு பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிடுவோம். எனக்குச் சுர்ருன்னு ஏறிட்டு. நேராப் போனேன். கஸ்டமருக எல்லாம் நிக்காவ. "அண்ணாச்சி, காலு ரொம்பக் கடுக்கு, ரெண்டு நிமிசம்"னா. நான் சொன்னேன், "உக்காரணும்னா வீட்டுல போயி உக்காரு. லெச்சுமி மேல உக்காராத"ன்னு.

அவ்வளவுதான் சொன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. போன்னு நான் சொல்லவே இல்ல தம்பி. உக்காருன்னுதானே சொன்னேன், கூட வீட்டுலன்னு ஒண்ணச் சேத்துக்கிட்டேன், அவ்வளவுதான். அவ எந்திரிச்சா. நெஞ்சுல குத்தியிருந்த பேரு பேட்ஜக் கழத்துனா. கவுண்டர் மேல வச்சா. தான் உக்காந்த பண்டலத் தொட்டுக் கும்பிட்டா. படி இறங்கிப் போயிட்டா. ஒம்பது வருசத்துல அவ கஸ்டமர் போற படியில இறங்குனது அன்னைக்குத்தான். சரி, கோவக்காரி, நாளைக்கு வருவான்னு நினைச்சேன். வரல.

வந்தா தம்பி. ஆடியில வந்தா. கஸ்டமரா வந்தா.

தங்கச்சிக்கு ஆவணியில கல்யாணம். அவளும் தங்கச்சியும் ஆத்தாளும் சொந்தக்காரங்களுமா அஞ்சு பேரு. மெத்தை சோபாவுல வரிசையா உக்காந்தாவ. ஆடித் தள்ளுபடி கூட்டம், மாடியில ஒரு புள்ள சும்மா இல்ல. முதலாளி என்னையப் பாத்து, "சொரிமுத்து, பழைய ஆளு வந்திருக்கா, நீரே காட்டும்வே"ன்னுட்டாவ. எப்படி இருக்கும் எனக்கு? அவ உக்காந்திருக்கா, நான் நிக்கேன். ஒண்ணு விரிச்சேன், "வேற காட்டுங்க அண்ணாச்சி"ன்னா. பத்து விரிச்சேன். நாப்பது விரிச்சேன். ரெண்டு மணி நேரம். வேணும்னே பழி வாங்குதான்னு நினைச்சேன். நடுவுல, "அண்ணாச்சி, உங்களுக்கு காலு வலிக்கும், நீங்களும் செத்த உக்காருங்களேன்"ன்னா. குத்திக் காட்டுதான்னு எனக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்திச்சு. "இருவத்தேழு வருசமா நிக்கேன், இன்னும் இருவத்தேழு வருசம் நிப்பேன்"னேன். இன்னும் ரெண்டு நிமிசம் கூட நிக்கலை.

கால்ல ஈரமா இருந்திச்சு. வலியே இல்ல தம்பி, அதுதான் அதிசயம். ஏசியில இருந்து தண்ணி சொட்டுதுன்னு நினைச்சேன். "எவன்ல அது, மேல ஏசியப் பாரு"ன்னு சத்தம் கூடக் குடுத்தேன். பிரம்மசக்திதான் கீழ பாத்தா. அவ உக்காந்திருந்ததுனால தரை அவ கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. "அண்ணாச்சி, ரெத்தம்!"ன்னா. குனிஞ்சு பாக்கேன், பேண்டு நனைஞ்சு, செருப்பு நிறைஞ்சு, வெள்ளை டைல்ஸ்ல ஒரு குளம்.

மனுசன்னா அந்த நேரத்துல என்ன செய்வான்? காலப் பிடிப்பான். நான் சேலையப் பிடிச்சேன். "சேலையில பட்டுரும், சேலையில பட்டுரும்"னு கத்திக்கிட்டு, விரிச்ச சேலையெல்லாம் அள்ளி அள்ளி மேல போடுதேன். ஒருத்தன் நாற்காலியக் கொண்டாந்தான். அப்பவும் உக்கார மாட்டேங்கேன்! முதலாளி பாக்காவல்லா. பெறவு கண்ண இருட்டுச்சு. விழுந்தேன். எங்க விழுந்தேங்கீய? நான் அள்ளிப் போட்டேன்லா, நாப்பது பட்டுச் சேலை, அது மேல. லெச்சுமி மேல மல்லாக்கப் படுத்திருக்கேன்.

ஆளாளுக்கு என்னையத் தூக்கி உக்கார வைக்கப் பாக்காவ. பிரம்மசக்தி ஒரு சத்தம் போட்டா பாருங்க, நாலு மாடிக்கும் கேட்டிருக்கும். "தூக்காதீங்க! படுக்க வைங்க! காலத்தான் தூக்கணும்!" பெட்டி அடுக்கியிருந்த ஸ்டூல ஒத்தக் கையால கவுத்து இழுத்தா. பெட்டியெல்லாம் சரிஞ்சு விழுது. அது மேல என் காலத் தூக்கி வச்சா. தங்கச்சி கையில இருந்த துண்டப் பிடுங்கி, ஓட்டை விழுந்த இடத்துல வச்சு ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சா. ஆம்புலன்ஸ் வார வரைக்கும் முட்டுக்கால் போட்டுக்கிட்டு, விடவே இல்ல. நான் படுத்துக்கிட்டு மேல பாக்கேன். என் காலு அந்த ஸ்டூல் மேல சொகுசா இருக்கு. பிளாஸ்டிக் கவரு அன்னைக்குத்தான் கிழிஞ்சிச்சு.

சேர்மாதேவி வந்துட்டா? இன்னும் இல்லயா. சரி, நேரம் இருக்கு. எம்மா, அந்தப் பை இன்னும் இடிக்கும்மா.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா சின்ன வயசு. நான், "நரம்பு வெடிச்சிட்டும்மா"ன்னேன். "நரம்பு இல்ல அண்ணாச்சி, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. இது ரத்தக்குழாய்"னாங்க. ஸ்கேன் எடுக்கணும்னாங்க. அதையும் நின்னுக்கிட்டுத்தான் எடுக்கணுமாம். அப்பாடா, நமக்குத் தெரிஞ்ச வேலைன்னு நிமிந்து நின்னேன். படத்தக் காட்டி, கால்ல இருந்து ரத்தம் மேல ஏறும், திரும்பக் கீழ இறங்காம இருக்க உள்ள வால்வு வால்வா இருக்குன்னாங்க. எனக்கு ஒண்ணும் விளங்கல. பெறவு ஆடிக் கூட்டம் ஞாபகம் வந்திச்சு. கூட்ட நேரத்துல எங்க கடைப் படியில ஏற மட்டும்தான் விடுவோம், இறங்க வேற வழி. ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒரு ஆளு கயித்தப் பிடிச்சிக்கிட்டு நிப்பான், ஏறுனவுக திரும்பி இறங்கிராம. "அந்தக் கயித்துக்காரந்தானேம்மா வால்வு?"ன்னேன். டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோசம். "அதேதான். நீங்க நடந்தா கெண்டைக்கால் சதை ரத்தத்த மேல தள்ளும். அசையாம நின்னா தள்ள ஆள் இல்ல. கீழ தேங்கித் தேங்கி, கயித்துக்காரன் ஒருநாள் கைய விட்டுருவான். அவன் விட்டா கூட்டம் பூரா கீழ வந்து நெருக்கும். குழாய் வீங்கும், சுருளும், தோல் கறுக்கும், புண்ணாகும், உங்களுக்கு மாதிரி வெடிக்கவும் செய்யும்"னாங்க. எனக்கு எல்லாம் விளங்கிட்டு. திருப்பத்துல நிக்க அந்தப் பயலுக்கும் நான் ஸ்டூல் குடுத்தது இல்ல, அது வேற விசயம்.

லேசர் வச்சு அந்தக் குழாய அடைச்சாங்க. மறுநாளே நடக்கச் சொல்லிட்டாங்க. "நடங்க, உக்காந்தா காலத் தூக்கி வச்சு உக்காருங்க, நிக்க மட்டும் நிக்காதீங்க"ன்னாங்க. அம்மா, எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் அதுதானேன்னேன்.

அப்புறம் இந்தக் காலுறை. இதுலதான் என் கெட்டிக்காரத்தனம் பூரா வெளிய வந்திச்சு. மருந்துக் கடைப் புள்ள டேப்ப எடுத்துக்கிட்டு கணுக்கால் அளவு எடுக்க வாரா. "நீ எனக்கு அளவு எடுக்கியா? நான் இருவத்தேழு வருசமா டேப்பு பிடிக்கேன்"னேன். துணிய ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சுத் தேச்சுப் பாத்தேன். இழுத்துப் பாத்தேன். வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். ரொம்பப் பிடிப்பா இருக்கு. ஆனா நமக்குத் தெரியாதா, எந்தத் துணியும் ஒரு தண்ணி பட்டா சுருங்கும்! ஆயிரம் கஸ்டமருக்குச் சொன்ன பாடம். ரெண்டு சைசு பெருசா எடுத்துட்டு வந்தேன். அது சுருங்கவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நடந்தா வழிஞ்சு கணுக்கால்ல வந்து தண்டை மாதிரி கிடக்கும். ரெண்டு மாசம் அப்படியே போட்டுக்கிட்டு அலைஞ்சேன். புண்ணு ஆறவே இல்ல. டாக்டரம்மா பாத்துட்டு, "இது காலப் பிடிக்கணும் அண்ணாச்சி, நீங்க அதப் பிடிச்சிட்டு அலையுறீங்க. ரெண்டு மாச வைத்தியம் வீணாப் போச்சு"ன்னு வைதாங்க. இது இப்ப போட்டிருக்கது சரியான அளவு. காலையில கட்டில விட்டு இறங்கும் முன்னாலயே போடணும். உலகம்மாதான் பாதத்துல ஒரு பட்டுத் துண்டச் சுத்தி, அதுக்கு மேல இத வழுக்கி வழுக்கி ஏத்துவா. "ஊரு பொம்பளைகளுக்கெல்லாம் சேலையக் கட்டிக் காட்டுனீய, இப்ப உங்களுக்கு நான் கட்டி விடுதேன்"ம்பா.

புண்ணு இப்ப ஆறிக்கிட்டு வருது. காலு தப்பிச்சிட்டு.

ஆனா தம்பி, புரட்டாசியில ஒண்ணு நடந்திச்சு. என் இடத்துல வேற ஒரு ஆளப் போட்டாவ, அதுனால என் டிராயருல கிடந்ததையெல்லாம் ஒரு கட்டப்பையில போட்டு வீட்டுக்குக் குடுத்து விட்டாவ. கட்டில்ல காலத் தூக்கி வச்சிக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன். பிரம்மசக்தி பேட்ஜு இருந்திச்சு. அதுக்கு அடியில லீவு லெட்டருக. லீவு லெட்டர நான் படிக்க மாட்டேன் தம்பி. படிச்சா இரக்கம் வரும், இரக்கம் வந்தா கவுண்டர் காலியாப் போவும். மடிச்சபடியே டிராயருல போட்டுருவேன். பொழுது போகலன்னு அன்னைக்குப் படிச்சேன். அதுல ஒண்ணு பிரம்மசக்தி எழுதுனது. மாசியில குடுத்திருக்கா. லீவு கேட்டு இல்ல. இந்தா, பையிலதான் வச்சிருக்கேன், படிச்சே காட்டுதேன்.

"மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு. எனக்கு ரெண்டு காலிலும் ரத்தக்குழாய் சுருண்டிருப்பதாகப் பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். மணிக்கு ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அது வெடித்தால் உடனே படுக்க வைத்து, காலைத் தூக்கி, அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். நான் கடையில் விழுந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். இப்படிக்கு பிரம்மசக்தி."

தனக்காக எழுதிக் குடுத்திருக்கா தம்பி. நான் அவளக் காப்பாத்துவேன்னு நம்பி எழுதிக் குடுத்திருக்கா. அந்த வைத்தியத்த அவளே எனக்குப் பாத்தா. அன்னைக்கு அத நாலு தடவை வாசிச்சேன். வெக்கமா இருந்திச்சு. நான் நல்லவன்னு எனக்கு ஒரு எண்ணம் உண்டு, அன்னைக்கு அது மேலயே எனக்குச் சந்தேகம் வந்துட்டு.

இப்ப அவ வீட்டுக்குத்தான் போறேன். முதலாளி அனுப்பித்தான். அவ போன பெறவு ஆறு புள்ளைக போயிட்டு. தீவாளிக்கு இன்னும் மூணு வாரம். "பிரம்மசக்தி வந்தா மத்தவளுகளும் வருவாளுக, நீரே போயிக் கூட்டிட்டு வாரும்வே"ன்னாவ. எனக்கும் ஒரு வேலை போட்டுத் தாராவ. உக்காந்து பாக்க வேலை. கேமரா ரூம்ல ஒரு நாற்காலி, காலு வைக்க ஒரு ஸ்டூலு, யாரு உக்காருதான்னு பாத்துச் சொல்லணும். என் காலுக்குத் தோதான வேலைதான்.

அவகிட்ட என்ன பேசணும்னு நேத்துப் பூரா உலகம்மாவ எதுக்க உக்கார வச்சு ஒத்திகை பாத்தேன். மொதல்ல, தங்கச்சி எப்படி இருக்கான்னு கேக்கணும். பெறவு பேட்ஜக் குடுக்கணும். பெறவு, நான் செஞ்சது தப்புன்னு சொல்லணும். அதுதான் வாயில வர மாட்டேங்கு. நாப்பதாயிரம் ரூவா சேலைய நாலு வார்த்தையில வித்திருவேன், இந்த ஒரு வார்த்தை வர மாட்டேங்கு. சொல்லிட்டா, வா தாயி, சம்பளம் கூட்டித் தாராவளாம்னு கூட்டிட்டு வந்திர வேண்டியதுதான்.

என்ன கேக்கீய? ஸ்டூலா?

ஸ்டூலு... குடுப்பாவளான்னா? அத... நான் முதலாளிகிட்ட கேக்கலையே தம்பி.

கேக்கணும்னு தோணவே இல்ல. எனக்கு நாற்காலி தாரேன்னாவ, காலுக்கும் ஸ்டூலு தாரேன்னாவ, சரி முதலாளின்னேன். நின்னுக்கிட்டேதான் சொன்னேன். டாக்டரம்மா அவ்வளவு சொல்லியும், போனு வந்த உடனே கட்டில்ல இருந்து இறங்கி நின்னுட்டேன். உலகம்மா கூடத் தலையில அடிச்சிக்கிட்டா. அப்ப நான் எதுக்குப் போறேன்? கவரு கிழியாத மத்த முப்பத்தொண்ணு ஸ்டூலுக்கு முன்னால அவளத் திரும்பவும் நிக்கச் சொல்லவா? அத நான் கேமராவுல உக்காந்து பாக்கவா?

எம்மா, திரும்பவும் உன் பை... இருங்க தம்பி, இந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன், யாரு அதுன்னு ஒரு தடவையாவது பாக்கணும்லா.

எந்த ஊரு தாயி உனக்கு? எங்கன ஏறுன? மேலப்பாளையத்துலயா! அப்ப அவ்வளவு தூரமும் என் முதுகுக்குப் பின்னாலயா நிக்க? எங்க வேலை பாக்க? பாத்திரக் கடையிலயா. காலையில இருந்து நின்னுட்டு, பஸ்ஸுலயும் நின்னுக்கிட்டா வாற?

தம்பி, அந்தப் புள்ள நிக்கதப் பாத்தீயளா? ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு, ஒரு பாதத்தால இன்னொரு கெண்டைக்காலத் தேய்க்கா. இத்தன வருசமாக் கேமராவுல பாத்தது. இம்புட்டுக் கிட்டத்துல பாத்ததே இல்ல.

உக்காரு தாயி. நான் காலக் கீழ வச்சிக்கிடுதேன். நடுவுல தள்ளி உக்காந்துக்கிடுதேன், நீ இந்த ஓரம் உக்காரு. என்னது?

கேட்டீயளா தம்பி, அது என்ன சொல்லுதுன்னு? "பரவால்ல அண்ணாச்சி, பழகிருச்சு"ங்கு.

பழகக் கூடாதும்மா. உக்காரு. அந்தச் சீட்டுக்கு டிக்கெட் இருக்கு, யாரும் எந்திரின்னு சொல்ல மாட்டாங்க. உக்காரு. ஆங்.

எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, லேசாக் கடுக்கு. கடுக்கட்டும், அஞ்சு பத்து நிமிசம்தான். சேர்மாதேவி தாண்டியாச்சா? அப்ப அடுத்தது நான்தான்.

இறங்குன உடனே பிரம்மசக்தி வீட்டுக்குப் போக மாட்டேன். மொதல்ல முதலாளிக்கு ஒரு போன் போடணும். ஸ்டூலு உண்டா இல்லையான்னு கேட்டுட்டுத்தான் அவ வாசப்படி ஏறணும். இல்லன்னாவன்னா, பேட்ஜ அவகிட்ட குடுக்க மாட்டேன், மன்னிப்ப மட்டும் கேட்டுட்டு வந்திருவேன். எனக்கு அந்தக் கேமரா நாற்காலியும் வேண்டாம். ஆனா நின்னுக்கிட்டுப் பேசுனேன்னா, சரி முதலாளின்னு வாயில வந்திரும், எனக்குத் தெரியும். குரலு அப்படியே பழகிக் கிடக்கு. உக்காந்துதான் பேசணும்.

வீரவநல்லூர் பஸ் ஸ்டாப்புல உக்கார ஒரு பெஞ்சாவது இருக்கும்லா தம்பி?